ஐசியு பொறுப்ப எடுத்தப்போ கூட நின்ன எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

எமர்ஜென்சி மெடிசின், அதாவது அவசர சிகிச்சை படிச்ச ஒருத்தர், அதுவும் வயசுல சின்னவர், தீவிர சிகிச்சை பிரிவோட பொறுப்ப எடுத்துக்கிறார்னு அறிவிப்பு வந்தப்போ நிறைய பேருக்கு மனசுல ஒரு கேள்வி இருந்திருக்கும், அது நியாயமான கேள்விதான், ஏன்னா ஐசியுன்னாலே மயக்க மருந்து டாக்டர், நுரையீரல் டாக்டர், ஜெனரல் மெடிசின் டாக்டர்னுதான் பல காலமா பழக்கம். அந்த கேள்விய பின்னாடி பேசாம என்கிட்டயே நேரா கேட்டீங்க, கேட்டுட்டு கூடவே நின்னீங்க. இன்னிக்கு நம்ம யூனிட் நல்லா ஓடுதுன்னா அதுக்கு காரணமானவங்களுக்கு பொதுவுல வச்சு நன்றி சொல்றதுதான் முறை. யார் பேரும் போடல, ஆனா படிக்கும்போது இது நம்மளத்தான் சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

முதல்ல எங்க சீஃப் சாருக்கு. சார், நீங்க பொறுப்ப குடுத்துட்டு போயிடல, அதே யூனிட்ல இருந்துகிட்டே குடுத்தீங்க. அது எவ்ளோ கஷ்டம்னு இப்பதான் எனக்கு புரியுது. ரவுண்ட்ஸ்ல எல்லார் கண்ணும் பழக்கத்துல உங்க பக்கம்தான் திரும்பும், நீங்க அப்படியே என் பக்கம் பாப்பீங்க, முடிவு எங்க இருந்து வரணும்னு அந்த ஒரு பார்வையிலயே எல்லாருக்கும் தெரிஞ்சிரும். சந்தேகம் இருந்தா ரவுண்ட்ஸ் முடிஞ்சு ரூமுக்கு கூப்பிட்டு கேப்பீங்க, ஒரு தடவை கூட பேஷன்ட் பெட்டுக்கு பக்கத்துல வச்சு கேட்டதில்ல.

கமிட்டி மீட்டிங்ல எனக்காக நீங்க பேசினத பின்னாடி இன்னொருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுகிட்டேன். ஆஸ்திரேலியா நியூசிலாந்துல தீவிர சிகிச்சை டாக்டருங்களுக்கு பயிற்சியும் தகுதியும் குடுக்க தனி காலேஜே 2010ல வந்துருச்சு, அமெரிக்காவுல டாக்டருங்களுக்கு பரீட்சை வச்சு தகுதி குடுக்கிற எமர்ஜென்சி மெடிசின் போர்டும் இன்டர்னல் மெடிசின் போர்டும் 2011ல கைகோத்து எமர்ஜென்சி டாக்டருங்க கிரிட்டிக்கல் கேர், அதாவது தீவிர சிகிச்சை பரீட்சை எழுத வழி திறந்து விட்டாச்சு, அப்புறம் சர்ஜரி பக்கமும் அனஸ்தீசியா (மயக்க மருந்து) பக்கமும் அதே மாதிரி கதவு திறந்துச்சு, இதுக்கு மேல நாம என்ன யோசிக்கிறோம்னு கேட்டீங்களாம். அதோட 1952ல டென்மார்க்கோட கோபன்ஹேகன்ல போலியோ பரவின கதையும் சொன்னீங்களாம். மூச்சு தசை செயலிழந்த பேஷன்டுங்க வரிசையா செத்துகிட்டு இருந்தாங்க, முதல் மூணு வாரத்துல அந்த மாதிரி 31 பேர்ல 27 பேர் இறந்துட்டாங்க, அப்போ பியோர்ன் இப்சென்ங்கற மயக்க மருந்து டாக்டர் தொண்டையில துளை போட்டு டியூப் வழியா பையால காத்து அடிச்சா பொழைக்க வைக்கலாம்னு செஞ்சு காட்டினார். அந்த பைய ஷிஃப்ட் போட்டு ராத்திரி பகலா அமுக்கினது சுமார் 1500 மருத்துவ மாணவர்கள். ஐசியுங்கறதே அதுக்கு அடுத்த வருஷம் அங்கதான் பொறந்துச்சு. இந்த துறை ஆரம்பிச்சதே சின்ன பசங்க கையிலதான்னு நீங்க சொன்னதா கேள்விப்பட்டப்போ எனக்கு கண்ணு கலங்கிருச்சு சார்.

அடுத்து எங்க சார்ஜ் சிஸ்டர். அக்கான்னுதான் கூப்பிடுவேன், இங்கயும் அப்படியே கூப்பிடுறேன். அக்கா, எமர்ஜென்சி எனக்கு குடுத்தது முதல் ஒரு மணி நேரம். பிபி இறங்கினா என்ன செய்யணும், மூச்சு திணறினா எப்போ டியூப் போடணும், எந்த ஆன்டிபயாடிக் உடனே ஏத்தணும், இதெல்லாம் கைக்கு தானா வரும். ஆனா ஐசியு பேஷன்டுக்கு பத்தாவது நாள்னு ஒண்ணு இருக்கு, அன்னிக்கு அலாரம் எதுவும் அடிக்காது, எல்லாம் ஸ்டேபிளா இருக்கிற மாதிரியே தெரியும், ஆனா உள்ளுக்குள்ள தசை கரைஞ்சுகிட்டு இருக்கும், முதுகுல புண்ணு வர ஆரம்பிச்சிருக்கும், ராத்திரி தூங்காம மனசு குழம்பிப் போயிருக்கும். அந்த பத்தாவது நாள பாக்க கத்துக்குடுத்தது நீங்க. காலையில மயக்க மருந்த நிறுத்தி பேஷன்ட முழிக்க வச்சு, அதே நேரத்துல தானா மூச்சு விடுறாரான்னு டெஸ்ட் பண்ற பழக்கத்த ஒரு நாள் கூட நீங்க தவற விட்டதில்ல. 2008ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையில வந்த ஆராய்ச்சி இந்த ரெண்டையும் சேத்து செஞ்சா ஒரு வருஷத்துக்குள்ள ஏழு பேர்ல ஒருத்தர் கூடுதலா பொழைக்கிறார்னு காட்டுச்சு, அத நான் பேப்பர்ல படிச்சிருந்தேன், நடைமுறையில அது ஒரு நர்ஸ் காலங்காத்தால பேஷன்ட் பக்கத்துல நின்னு கைய புடிச்சுகிட்டு பேர் சொல்லி கூப்பிடுறதுதான்னு உங்ககிட்டதான் பாத்தேன். ஆள் கம்மியா இருக்கிற நாள்ல மயக்கத்துலயே விட்டுட்டா வேலை சுலபம்னு யாருக்கும் தெரியும், அப்படிப்பட்ட நாள்லயும் நீங்க விடல.

நம்ம நர்சிங் டீம் மொத்தத்துக்கும் இதுல சேத்தே சொல்றேன். சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள்ள டியூப் போடும்போது ஒரு ஸ்டெப் விட்டுப் போனா, போடுறது எவ்ளோ பெரிய டாக்டரா இருந்தாலும், நிறுத்துங்க டாக்டர்னு சொல்ற தைரியம் உங்களுக்கு இருக்கு பாருங்க, அத நான் பெருமையா எல்லா இடத்துலயும் சொல்லிகிட்டு இருக்கேன். ஒரு யூனிட் பாதுகாப்பா இருக்கான்னு பாக்க நான் முதல்ல பாக்கிறது இதத்தான், மெஷின் எத்தனை இருக்குங்கறது எல்லாம் அப்புறம்.

வென்டிலேட்டர் பாத்துக்கிற தெரபிஸ்ட் தம்பிக்கும் பிசியோ டீமுக்கும் ஒரு பெரிய நன்றி. தம்பி, புது பேஷன்ட் வந்த உடனே டேப் எடுத்து உயரத்த அளக்குற முதல் ஆள் நீதான். எமர்ஜென்சி அவசரத்துல உயரத்த யாரும் அளக்க மாட்டாங்க, எடைய கண்ணால பாத்து ஒரு குத்துமதிப்பா சொல்லிருவாங்க. ஆனா நுரையீரல் அளவு உயரத்தோட சேந்தது, உடம்பு பெருத்தா நுரையீரல் பெருக்காது. ஏஆர்டிஎஸ்னா நுரையீரல் ரெண்டும் வீங்கி தண்ணி கோத்து ஆக்சிஜன் ஏறாம போற நிலை, 2000ல ஏஆர்டிஎஸ் நெட்வொர்க் ஆராய்ச்சியில உயரத்த வச்சு கணக்கு போட்ட எடைக்கு ஒரு மூச்சுக்கு கிலோவுக்கு 12 மில்லி காத்து குடுத்தவங்கள்ல 39.8 சதவீதம் இறந்தாங்க, 6 மில்லி குடுத்தவங்கள்ல 31 சதவீதம், அதாவது மெஷின்ல ஒரு நம்பர குறைச்சதுல இவ்ளோ உயிரு. புது மருந்து எதுவும் வேணாம், ஒரு டேப் போதும். இப்போ கீழ எமர்ஜென்சிலயும் டேப் தொங்குதுன்னா அதுக்கு காரணம் நீ தினமும் கீழ போய் சலிக்காம கேட்டதுதான்.

ஆக்சிஜன் நல்லா ஏற பேஷன்ட குப்புற படுக்க வைக்கிறப்போ எல்லாம் பிசியோ டீம் இல்லாம நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. அஞ்சாறு பேர் சேந்து, தலைப்பக்கம் ஒருத்தர் டியூப புடிச்சுகிட்டு, எண்ணிக்கை சொல்லி, ஒயர் லைன் எதுவும் இழுபடாம திருப்பணும், திருப்பிட்டு குறைஞ்சது 16 மணி நேரம் அப்படியே பாத்துக்கணும். 2013ல பிரெஞ்சு டாக்டருங்க தலைமையில வந்த ஆராய்ச்சி, மோசமான ஏஆர்டிஎஸ்ல இப்படி குப்புற படுக்க வச்சா 28 நாளுக்குள்ள இறப்பு 32.8 சதவீதத்துல இருந்து 16 சதவீதத்துக்கு இறங்குச்சுன்னு காட்டுச்சே, அந்த பாதிக்கு பாதி வித்தியாசம் உங்க தோள்பட்டை வலியில இருந்து வருதுன்னு எனக்கு தெரியும். ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பினவங்க கூட அந்த எண்ணிக்கைக்காக திரும்பி வந்து நின்னிருக்கீங்க.

ஃபார்மசிஸ்ட் மேடம், கிட்னி வேலை செய்யாத பேஷன்டுக்கு டோஸ் எவ்ளோ, எந்த ஆன்டிபயாடிக்க இன்னிக்கு நிறுத்தலாம்னு தினமும் கேட்டு எங்கள யோசிக்க வைக்கிறீங்க. ஆரம்பிக்கிறதுல எமர்ஜென்சி ஆளுங்க கெட்டிக்காரங்க, நிறுத்துறதுக்கு உங்கள மாதிரி ஒருத்தர் பக்கத்துல வேணும்.

இப்போ கீழ இருக்கிற என் எமர்ஜென்சி குடும்பத்துக்கு. நான் மேல போறேன்னு சொன்னப்போ எங்கள விட்டுட்டு போறீங்களான்னு ஒருத்தர் கூட கேக்கல, மேல நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்னு சந்தோஷப்பட்டீங்க. ஐசியு பெட் கிடைக்காம எமர்ஜென்சி டிராலிலயே மணிக்கணக்கா காத்திருக்கிற பேஷன்ட பாத்து நம்ம எத்தனை ராத்திரி சேந்து தவிச்சிருக்கோம். 2007ல 50000 பேஷன்டுக்கு மேல கணக்கு எடுத்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில, 6 மணி நேரமோ அதுக்கு மேலயோ தாமதமா ஐசியு போனவங்கள்ல 17.4 சதவீதம் ஆஸ்பத்திரியிலயே இறந்தாங்க, சீக்கிரம் போனவங்கள்ல 12.9 சதவீதம். அந்த நம்பர நான் மேல கொண்டு போனப்போ அத வெறும் நம்பரா பாக்காம, பெட் கிடைக்கிற வரைக்கும் பேஷன்ட் காத்திருக்கணும், ஆனா ஐசியு டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லன்னு ஒரு முடிவு எடுக்க முடிஞ்சதுக்கு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டதுதான் காரணம். இப்போ ஃபோன் வந்தா எங்க டீம்ல ஒருத்தர் இறங்கி வந்துருவார், வென்டிலேட்டர் செட்டிங்ல இருந்து குடும்பத்துகிட்ட பேசுறது வரைக்கும் கீழயே ஆரம்பிச்சிரும். மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில 2015ல எமர்ஜென்சிக்குள்ளயே ஒரு ஐசியு திறந்தாங்க, நமக்கு அவ்ளோ பெரிய வசதி இல்ல, ஆனா அந்த எண்ணத்த நம்மகிட்ட இருக்கிறத வச்சே செஞ்சு காட்டினீங்க.

செப்சிஸ்ல, அதாவது கிருமி தொற்றால உறுப்புங்க பழுதாகுற நிலையில, இத நமக்கு முன்னாடியே ஒருத்தர் காட்டிட்டார். அமெரிக்காவோட டெட்ராய்ட்ல இமானுவேல் ரிவர்ஸ், எமர்ஜென்சியும் கிரிட்டிக்கல் கேரும் ரெண்டும் படிச்சவர், ஷாக்ல, அதாவது ரத்த ஓட்டம் பத்தாம வர்ற செப்சிஸ் பேஷன்டுக்கு முதல் 6 மணி நேரத்துல எமர்ஜென்சிலயே தீவிர சிகிச்சை குடுத்து இறப்பு 46.5 சதவீதத்துல இருந்து 30.5க்கு இறங்குனத 2001ல எழுதினார். பின்னாடி 2014, 2015ல வந்த மூணு பெரிய ஆராய்ச்சி அவர் சொன்ன ஸ்டெப் எல்லாத்தையும் அப்படியே செய்யணும்னு அவசியம் இல்லன்னு சொல்லுச்சு, அது உண்மைதான், ஆனா சீக்கிரம் கண்டுபுடிச்சு சீக்கிரம் மருந்து ஏத்துற பழக்கம் உலகம் பூரா பரவ அவரும் ஒரு பெரிய காரணம். எமர்ஜென்சில இருந்து ஐசியு தலைமைக்கு வர்ற சின்னவங்களுக்கு நான் சொல்றது இதுதான், ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் நடுவுல நின்னா பேஷன்ட் நடுவுல மாட்டிக்க மாட்டார்.

ஆரம்பத்துல எனக்கு எதிரா பேசின சீனியர் அனஸ்தீசியா டாக்டருக்கும் மனசார நன்றி. சார், உங்க கவலை பேஷன்ட பத்தினது, அதனாலதான் எனக்கு ஒரு நாளும் கோவம் வரல. எதிர்த்து பேசின கையோட மூச்சு டியூப் போட கஷ்டமான பேஷன்டுங்களுக்குன்னு தனி டிராலி ஒண்ண நீங்களே உக்காந்து அடுக்கி, எந்த தட்டுல என்ன இருக்கணும்னு ஒட்டி வச்சு, ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவேன்னு சொன்னீங்க, சொன்ன மாதிரி வந்தீங்க. இப்பவும் சில விஷயத்துல நீங்க ஒத்துக்க மாட்டீங்க, தயவு செஞ்சு அப்படியே இருங்க சார், ரவுண்ட்ஸ்ல எல்லாரும் தலையாட்டுற யூனிட் எனக்கு வேணாம்.

கிட்னி டீம், சர்ஜரி டீம், பிளட் பேங்க், லேப், நடுராத்திரி மானிட்டர் சரி பண்ணிக் குடுத்த பயோமெடிக்கல் ஆளுங்க, ஒவ்வொரு பெட்டும் காலியான உடனே சுத்தம் பண்ணி அடுத்த ஆளுக்கு தயார் பண்ற ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, ஸ்ட்ரெச்சர் தள்ளுற அண்ணன்மாருங்க, உங்க வேலை வேகமா நடக்கலன்னா மேல நான் சொன்ன எந்த ஆராய்ச்சியும் எங்க பேஷன்டுக்கு வந்து சேராது. வீட்டுல எனக்காக பொறுத்துகிட்டவங்களுக்கு தனியா நேர்ல சொல்லிக்கிறேன்.

என் ஜூனியர் பசங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். உங்கள்ல சிலர் வயசுல எனக்கு ரெண்டு மூணு வருஷம்தான் சின்னவங்க, நீங்க என்னை பாஸ்னு பாக்கறதும் கஷ்டம், நான் உங்ககிட்ட வேலை வாங்கறதும் கஷ்டம், அத நீங்க ரொம்ப பக்குவமா கையாண்டீங்க. ஷிஃப்ட் மாறும்போது பேஷன்ட ஒப்படைக்கிற ஹேண்டோவர்ல எனக்கு தெரியலன்னு சொல்ல யாரும் தயங்கறதில்ல, அந்த பழக்கத்த ஆரம்பிச்சு வச்சதே நீங்கதான்.

கடைசியா பேஷன்டுங்களோட குடும்பத்துக்கு. உங்க வீட்டு ஆள் பொழைக்க மாட்டார்னு சொல்ல வேண்டி வந்த நாள்ல, இவ்ளோ சின்ன டாக்டரா இருக்கீங்களேன்னு சிலர் கேட்டீங்க, கேட்டுட்டு நான் சொன்னத முழுசா உக்காந்து கேட்டீங்க. அவருக்கு என்ன புடிக்கும், எப்படி வாழ்ந்தார், மெஷின்லயே இருக்கிறத அவர் விரும்புவாரான்னு உங்ககிட்ட கேட்டு கேட்டுதான் நாங்க சரியான முடிவுக்கு வந்தோம். அந்த பேச்சுக்கு எந்த மானிட்டரும் உதவாது, நீங்க மட்டும்தான் உதவ முடியும், அந்த வேதனையிலயும் உதவினீங்க. அந்த கடன் எனக்கு தீராது.

பொழைச்சு வீட்டுக்கு போனவங்க குடும்பத்துக்கு ஒரு விஷயம். ஐசியுல இருந்து வந்தவங்களுக்கு பல மாசத்துக்கு கை கால் பலம் இல்லாம இருக்கலாம், மறதி வரலாம், ராத்திரி கெட்ட கனவு வரலாம், காரணமே இல்லாம பயப்படலாம் அழலாம். இது அவங்க சோம்பேறித்தனமோ மனசு பலவீனமோ இல்ல, தீவிர நோயும் அதோட சிகிச்சையும் விட்டுட்டு போற பாதிப்பு, டாக்டருங்களுக்கு தெரிஞ்ச விஷயம்தான், பக்கத்துல இருந்து பாத்துக்கிற உங்களுக்கும் அந்த பதட்டமும் தூக்கம் கெடுறதும் வரும். எங்க சிஸ்டருங்களும் பிசியோ டீமும் கேட்டு வாங்கி ஆரம்பிச்ச ஃபாலோ அப் கிளினிக் இதுக்காகத்தான் இருக்கு. டிஸ்சார்ஜ் பேப்பரோட பின்பக்கம் நேரம் போட்டிருக்கு, அவரையும் கூட்டிட்டு வாங்க, நீங்களும் வாங்க.