கோழி மூக்கைச் சுட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வேளாண் பக்கத்துக் கேள்வி பதில் பகுதியில், தன் வீட்டுக் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்குகின்றன, வால் பக்கம் புண்ணாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று ஒரு பெண் கேட்டிருந்தார். மூக்கை வெட்டிச் சுட்டுவிடுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. வேடசந்தூர் பக்கம் எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி வளர்க்கிறோம். அந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மூக்கு வெட்டுவது நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் கூண்டில் நெருக்கி வளர்க்கும் கோழிகளுக்குச் செய்வது. அதுவும் குஞ்சாக இருக்கும்போதே, அதற்கென்று உள்ள மெஷினில் செய்வார்கள். முட்டையிடும் வயதுக் கோழியை வீட்டில் பிடித்து வைத்து, அடுப்பில் காய்ச்சிய கத்தியால் சுடுவது கொடுமை. கோழி மூக்கு நம் நகத்தைப் போல உணர்ச்சியில்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் நரம்பும் ரத்தமும் ஓடுகிறது. நாட்டுக்கோழி மண்ணைக் கிளறிப் பூச்சி பிடித்துத் தின்று வளர்வது, காக்கா வந்தால் குஞ்சைக் காக்கவும் அதற்கு மூக்குதான் இருக்கிறது.

கோழி ஏன் கொத்துகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் பக்கத்துக் காட்டில் வெள்ளாமை வைத்துவிட்டால் சண்டை வரும் என்று கோழியை வலைக்கூண்டில் அடைப்பார்கள். பகல் முழுக்கக் கிளறித் திரிய வேண்டியது கிளற மண் இல்லாமல் நிற்கும், பக்கத்துக் கோழியின் இறகில் மூக்கை வைக்கும். தீனியாகப் போடுவது வெறும் ரேஷன் அரிசியும் குருணையும். அரிசியில் புரதம் ஏழெட்டு சதவீதம்தான். முட்டைக் கோழிக்கு 16 சதவீதமாவது வேண்டும், குஞ்சுக்கு 20 வரை வேண்டும். இறகே புரதத்தால் ஆனதுதானே, உடம்புக்குப் பற்றாதபோது அதையும் பிடுங்கித் தின்னும். கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் கம்போடு சேர்த்தாலே பாதி சரியாகும். மாமியார் ஒரு பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைப்பார். காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி நான் பார்த்ததில்லை.

அப்புறம் வெளிச்சம். நரிக்கும் நாய்க்கும் பயந்து ராத்திரி முழுக்கக் குண்டு பல்பு எரியவிடுகிறார்கள். விடிய விடிய வெளிச்சத்தில் இருந்தால் கொத்து அதிகமாகும். முட்டையிடுகிற கோழிக்கு இருட்டான மூலையில் ஒரு கூடை வேண்டும். முட்டை வெளியே வரும்போது பின்பக்கம் சிவந்து தெரியும், மற்றவை அதைப் பார்த்துக் கொத்தினால் குடல் வரைக்கும் இழுத்துவிடும். சித்திரை வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே அடைத்தாலும், உடம்பில் செள்ளுப் பூச்சி பிடித்தாலும் இதே கதைதான். செள்ளுக்குச் சாம்பலும் மணலும் கலந்து குழியில் கொட்டி வைத்தால் கோழி தானே புரண்டுகொள்ளும். முதுகில் மட்டும் இறகு போயிருந்தால் அது சேவல் மிதித்ததாக இருக்கும். எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். அய்யலூர் சந்தையில் வாங்கிய புதுக்கோழியை வந்த அன்றே கூட்டத்தில் விடுவதும் தவறு.

காயம்பட்ட கோழியை உடனே பிரிக்க வேண்டும், ரத்தம் தெரிந்தால் மற்றவை விடாது. கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்தால் மூடி அதே வாசலில் வைத்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கூட்டம் அதை மறக்காது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு, பஞ்சால் நனைத்துக் காயத்தைக் கழுவுங்கள். சுற்றி ஒட்டியிருக்கும் இறகைக் கத்தரிக்கலாம், பிடுங்கக் கூடாது. அதன்பின் போவிடோன் அயோடின் என்ற புண் மருந்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவலாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாட்டுக் காயத்துக்குச் சொல்லும் மூலிகை எண்ணெய்யையே நான் கோழிக்கும் போடுகிறேன்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொரு கைப்பிடி, 10 பல் பூண்டு, 20 கிராம் மஞ்சள் தூள், இவற்றை அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆற வைத்தது. ஈயும் அண்டாது.

மிளகாய்ப் பொடி தடவினால் மற்ற கோழி கொத்தாது என்று சொல்வார்கள். பறவைகளுக்கு மிளகாயின் உறைப்புத் தெரியாது, அதனால்தான் கிளி மிளகாயைக் கொறிக்கிறது. மண்ணெண்ணெயும் வேண்டாம், தோல் வெந்துபோகும். மனுஷருக்கு வாங்கிய கேப்சூலைப் பிரித்துப் புண்ணில் கொட்டுவதையும் நிறுத்த வேண்டும். சதை கிழிந்திருந்தாலோ, புழு வைத்திருந்தாலோ, கோழி தீனி எடுக்காமல் ஒடுங்கினாலோ கால்நடை மருந்தகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டையிலும் முகத்திலும் மட்டும் கொப்புளமும் பொருக்கும் இருந்தால் அது கொத்திய காயம் இல்லை, அம்மையாக இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புண் ஆறி இறகு முளைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். புது இறகின் குருத்தில் ரத்தம் இருக்கும், கொத்தினால் மறுபடி வழியும். இறகு தோலை மூடுகிற அளவுக்கு வளர்ந்த பிறகு, பொழுது சாய்ந்து எல்லாம் அடைந்தபின் கூட்டில் விடுங்கள்.

கால்நடை பராமரிப்புத் துறை கிராமப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும்போது தரும் பயிற்சியில் இதையெல்லாம் செய்து காட்ட வேண்டும். குஞ்சை வாங்கிப் போகும் பல பெண்களுக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள மாமியாரோ அம்மாவோ இப்போது இல்லை. உங்களிடமும் ஒரு வேண்டுகோள். திண்டுக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே உள்ள மருத்துவர்களிடம் கேட்டு, மூக்கைச் சுடச் சொன்ன பதிலைத் திருத்தி அடுத்த வாரமே அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் ஒரு வாசகி,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.