நாற்பது கிலோ தக்காளி

பலெர்மோ,
ஓகஸ்ட் 30

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள் என்றதும் எனக்கே பாரம் இறங்கியது போல இருந்தது. நீ கேட்டிருந்த தக்காளிச் சோஸ் பற்றி எழுத இதைவிட நல்ல நேரம் இல்லை. போன சனிக்கிழமை விடிந்தது முதல் இருட்டும்வரை இங்கே அதே வேலைதான்.

நீ செய்தது தண்ணீராயும் புளிப்பாயும் வந்தது, சீனி போட்டும் சரிவரவில்லை என்று எழுதியிருந்தாய். உன் கைப்பக்குவத்தில் குறை இல்லையடி, தக்காளியில்தான். சாறும் விதையுமாக இருக்கும் உருண்டைத் தக்காளி ரசத்துக்கு நல்லது. இதற்குச் சதைப்பிடிப்பான நீளத் தக்காளி வேண்டும், அதுவும் செடியிலேயே பழுத்ததாக. இத்தாலியின் இந்தச் சிசிலித் தீவின் உட்பகுதியில் தண்ணீர் பாய்ச்சாமலே ஒரு தக்காளி பயிரிடுகிறார்கள். சிக்கான்யோ என்று பெயர். சிறிய பழம், தடித்த சாறு, நல்ல இனிப்பு. அதைச் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது, தக்காளியிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதுதான் இந்தச் சமையலே என்று.

கீழ்வீட்டு நொன்னாவும் (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நானும் பல்லரோ சந்தையில் நாற்பது கிலோ வாங்கினோம். கழுவி, இரண்டாகப் பிளந்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் பெரிய பானையில் குழைய அவித்தோம். பிறகு வடிதட்டில் கொட்டி, தெளிந்த நீர் ஓடும்வரை விட்டோம். நான் முன்பு அவசரத்தில் விட்டது இந்த ஒரு படியைத்தான். கைப்பிடி சுற்றும் இயந்திரத்தில் அரைத்தால் தோலும் விதையும் ஒரு பக்கம், கூழ் மறுபக்கம் வரும். தோலை இன்னும் இரண்டு தரம் போட்டுச் சுற்ற வேண்டும், நிறமும் சதையும் அதில்தான் ஒட்டிக்கிடக்கும்.

போத்தலுக்கு ஒரு பசிலிக்கோ இலை. நம் துளசிக்கு உறவான செடிதான். மூடி இறுக்கி, ஒன்றோடொன்று முட்டாமல் பழந்துணி சுற்றி, தகரப் பீப்பாவில் தண்ணீருக்குள் அடுக்கிக் கொதிக்கவிட்டோம். விடியும்வரை அதிலேயே ஆறட்டும் என்று விட்டுவிட வேண்டும். நீ செய்தால் ஒவ்வொரு போத்தலுக்கும் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி சேர். புளிப்புக் குறைந்த தக்காளியில் நஞ்சுக் கிருமி வளரலாம். மூடி உப்பியிருந்தால் நாக்கில்கூட வைக்காதே, அப்படியே எறிந்துவிடு.

மிச்சக் கூழில் உப்புப் போட்டு மரப்பலகையில் பரப்பி வெயிலில் வைத்திருக்கிறேன். ஸ்த்ராத்து என்பார்கள். மணிக்கொரு தரம் கையால் கிளறி, பொழுதுபட உள்ளே எடுத்து, மறுநாள் மறுபடி வெளியே. நாலாம் நாள் செங்கல் நிறத்தில் களிமண் போல ஆகிவிடும். அதைக் கிளறும்போதெல்லாம் முற்றத்துப் பாயில் மோர்மிளகாய் காயவைத்து, காகத்துக்குக் காவல் இருந்த உன் அம்மாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, நாளாந்தச் சமையலுக்கு: ஒலிவ் எண்ணெயில் உள்ளியை நசுக்கிப் போட்டு, சிவக்கவிடாமல், போத்தல் கூழை ஊற்றி இருபது நிமிஷம் மெல்லிய நெருப்பில் வை. உப்பு. அவ்வளவுதான். வெந்தும் வேகாததுமாகப் பாஸ்தாவை எடுத்து, அது அவிந்த தண்ணீர் ஒரு கரண்டியோடு சோஸில் போட்டுப் பிரட்டு. செத்தல்மிளகாய் ஒன்று போட ஆசைப்பட்டால் தயங்காதே. 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நேப்பிள்ஸில் அச்சான தக்காளிச் சோஸ் குறிப்பிலேயே மிளகாய் இருக்கிறது. இரண்டும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவைதானே.

செப்ரெம்பர் 4, பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரோசலியாவின் திருநாள். முதல்நாள் இரவே அவரது கோயில் இருக்கும் பெல்லெக்ரீனோ மலை ஏறுகிறோம், சைவக்காரரும் வேதக்காரருமாக (கிறிஸ்தவர்) நம் ஆட்கள் எல்லோரும் வருவார்கள். உன் மகளின் பெயர் சொல்லி ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன்.

பொழுது படுகிறது, பலகையை உள்ளே எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வாங்குக்காரி