பீரோ சாவியை வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

காசிமேட்டு மக்களுக்கு வணக்கம்.

பல வருடமாக பீரோவில் பூட்டிக் கிடந்த எங்கள் பள்ளிப் புத்தகங்கள் இப்போது வராந்தாவில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கயிற்றில் தொங்குகின்றன. பூட்டி வைத்ததற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு புத்தகம் தொலைந்தாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட ஆசிரியர்தானே பதில் சொல்ல வேண்டும்? 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று 1931-லேயே நம் சென்னையில் இருந்துகொண்டு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்கான முதல் விதியாக எழுதிவிட்டார். ஆடிட்டில் அது செல்லுபடியாகாது.

"தொலைஞ்சா நாங்க வாங்கித் தர்றோம், சாவியைக் குடுங்க டீச்சர்" என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசிய அம்மாக்களுக்குத்தான் முதல் நன்றி. அதில் சிலர் மீன் ஏலக்கூடத்திலிருந்து நேராக வந்தவர்கள்.

அப்புறம் நம் பைண்டிங் அண்ணன். கடற்காற்றில் பீரோ துருப்பிடித்து, பாதிப் புத்தகங்களுக்கு முதுகே இல்லை. மைதாவைக் கிளறிப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்த்து, காடாத் துணி ஒட்டித் தைத்துக் கொடுத்தார். நூல் கோக்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். துத்தம் விஷம் என்பதால், அதைக் கலக்கும்போது மட்டும் ஒருவரையும் கிட்டே விடவில்லை. கூலி வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் குடித்தார்.

கிளை நூலகர் பள்ளிக்கே வந்து பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்தார். 1948-இல் வந்த நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் போகிறது. நாம் கொடுக்கும் வீட்டு வாடகையிலும் அது ஒளிந்திருக்கிறது, எனவே அந்த நூலகம் நமக்கும் சொந்தம்தான்.

புதன்கிழமைதோறும் கதை வாசிக்க வரும் துறைமுகத் தாத்தாவை எப்படிச் சொல்வது! ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் எங்களிடம் உண்டு. அவர்களை அவர் திருத்துவதே இல்லை. தானும் விரல் வைத்து மெதுவாகப் படிக்கிறார். கூச்சம் போய், இப்போது சிலர் அவரை முந்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

புத்தகம் தந்த எல்லாருக்கும் நன்றி. பழைய நுழைவுத்தேர்வு கைடுகளை மூட்டையாக அனுப்பியவர்களுக்கும் நன்றி. அவற்றை எடைக்குப் போட்டுத்தான் கயிறும் கிளிப்பும் வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்து பாருங்கள். வரும்போது படக்கதை இருந்தால் எடுத்து வாருங்கள். கைடு போதும், கயிறு நிறையவே இருக்கிறது.

அன்புடன்,
நூலகப் பொறுப்பாசிரியை