காட்டுப் பரப்பு: நிகரக் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகக் காடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆசியாவும் ஐரோப்பாவும் காட்டைப் பெருக்குகின்றன, ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் அழிக்கின்றன என்று முடித்திருந்தீர்கள். எண்களில் தவறில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2020 மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் ஆப்பிரிக்கா ஆண்டுக்கு 39 லட்சம் ஹெக்டேரும் தென் அமெரிக்கா 26 லட்சம் ஹெக்டேரும் இழந்தன. ஆசியாவில் சுமார் 12 லட்சம் கூடியது. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு எனக்கு நியாயமாகப் படவில்லை.

இவை எல்லாம் அழிந்ததையும் வளர்ந்ததையும் கூட்டிக் கழித்து வந்த நிகர எண்கள். ஆசியாவின் கணக்கைத் தூக்கி நிறுத்துவது சீனா. அங்கே மட்டும் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் ஹெக்டேர் கூடியது. அதே காலத்தில் இந்தோனேசியா ஆண்டுக்கு ஏறக்குறைய 7.5 லட்சம் ஹெக்டேரை இழந்தது. சீனாவில் நட்ட மரங்கள், இந்தோனேசியாவில் போன மழைக்காட்டைக் கணக்கில் மறைத்துவிட்டன. அந்தக் காட்டில் இருந்த உயிர்களுக்கு இதனால் என்ன பயன்?

காடு என்று எதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் வாசகருக்குச் சொல்லியிருக்கலாம். அரை ஹெக்டேருக்கு மேல் நிலம், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் நிழல் பரப்பு, அவ்வளவுதான். வரிசையாக நட்ட யூகலிப்டஸ் தோப்பும் காடு, ரப்பர் தோட்டமும் காடு. எண்ணெய்ப் பனை மட்டும் சேராது. ஒரு தோப்பை ஒட்ட வெட்டி, வெறும் அடிக்கட்டைகள் நின்றாலும், சில ஆண்டுகளில் மறுபடி மரம் வளர்ந்துவிடும் என்றால் அந்த நிலம் காடாகவே பட்டியலில் இருக்கும்.

அப்புறம், 1990-ஐத் தொடக்கமாக வைத்தால் ஐரோப்பா நல்ல பிள்ளையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. வயலுக்கும் கப்பலுக்கும் கரிக்கும் அங்கே காடுகளை வெட்டியது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. இப்போது அங்குள்ள கால்நடைகள் தின்னும் சோயாவில் பெரும்பங்கு தென் அமெரிக்காவில் விளைகிறது. அந்த இழப்பை யார் பேரில் எழுதுவது?

தென் அமெரிக்காவைப் பற்றிய வரிதான் என்னை மிகவும் வருத்தியது. 2010-க்கு முந்தைய பத்தாண்டில் அங்கே இழப்பு ஆண்டுக்கு 52 லட்சம் ஹெக்டேர், அடுத்த பத்தாண்டில் அது பாதியானது. பிரேசிலின் அமேசானில் 2004-இல் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. 2012-இல் சுமார் 4,600 மட்டுமே. செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், புதிய காப்புப் பகுதிகள், காட்டை அழித்தவர்களுக்கு வங்கிக் கடன் கட்டுப்பாடு, புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என்று வணிகர்கள் 2006-இல் செய்த உடன்பாடு, எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. பிடி தளர்ந்ததும் 2021-இல் மறுபடி 13,000-ஐ எட்டியது. ஒரு அரசு நினைத்தால் என்ன நடக்கும், விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஏற்ற இறக்கமே காட்டுகிறது. அதை ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டீர்கள்.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. அதே 2020 மதிப்பீட்டின்படி, இழப்பு 1990 முதல் 2020 வரை பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடியது. அங்கே பெரும்பாலும் சின்னச் சின்ன விவசாய நிலங்களுக்காகவே காடு போகிறது. விறகும் கரியும் அதோடு சேர்கின்றன. பிழைப்புக்காக வெட்டுகிறவர்களையும் பெரும் பண்ணைகளையும் ‘அழிப்பவர்கள்’ என்று ஒரே பட்டியலில் வைப்பது சரியில்லை.

இனி இந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடும்போது, ஒவ்வொரு கண்டத்துக்கும் அழிந்தது எவ்வளவு, நட்டது எவ்வளவு, மனிதக் கை படாத பழங்காடு எவ்வளவு மிச்சம் என்று தனித்தனியாகப் போடுங்கள். அரைப் பக்கம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்