செயலாளர் அறிக்கை – 2025

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் கட்டற்ற மென்பொருள் சங்கம் இந்த வருஷமும் மாதம் ஒரு ஞாயிறு கூடியது, நவம்பரில் மட்டும் மழையால் முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் 3.0 பதிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும், பாதிக் கூட்டங்கள் அதிலேயே போயின.

மார்ச் 16 அன்று அது வெளிவந்தது. பட்டன், மெனு எல்லாம் வரைந்து தரும் ஜிடிகே என்ற கருவித்தொகுப்பு 1990களில் ஜிம்ப்புக்காகவே பிறந்தது. இருந்தும் 2011-ல் வந்த ஜிடிகே 3-க்கு ஜிம்ப் வந்து சேர 14 வருஷம் பிடித்தது. அதற்குள் 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்து, ஜிடிகே 2-க்குப் பராமரிப்பும் நின்றுவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம் என்று சிலர் கோபமாகவே கேட்டீர்கள். படங்களைக் கையாளும் உள்வேலையை ஜெகல் என்ற நிரலகத்துக்கு மாற்றுவதை முதலில் முடிக்க வேண்டியிருந்தது, 2018-ல் வந்த ஜிம்ப் 2.10 அதற்கானது. இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது கொஞ்சம் பேர், அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான் கூடுகிறது.

பலனைக் கண்ணால் பார்த்தோம். ஜிம்ப்பைத் திறந்த பிறகு வரைபலகையைச் செருகினாலும் இப்போது எடுத்துக்கொள்கிறது, முன்பு மூடித் திறக்க வேண்டும். புது மடிக்கணினிகளின் நெருக்கமான திரையில் ஐகான்கள் எறும்பு மாதிரி தெரிவதும் போயிற்று.

சிரமம் பழைய செருகுநிரல்களில், அதாவது ஜிம்ப்போடு சேர்த்து ஓட்டும் குட்டி நிரல்களில். ஸ்டுடியோ வைத்திருக்கும் நம் அக்கா, படங்களில் கடைப்பெயர் பதிக்க பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் ஒரு நிரல் வைத்திருந்தார், அது மெனுவிலேயே வரவில்லை. ஜிம்ப்-எஃப்யூ என்ற பழைய தொகுதியே இப்போது கிடையாது என்பதால் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து பைத்தான் 3-ல் திரும்ப எழுதினோம். அப்புறமும் வரவில்லை! கோப்பின் பெயரிலேயே ஒரு கோப்புறை போட்டு அதற்குள் வைக்க வேண்டுமாம். வைத்தோம், இயக்க அனுமதியும் கொடுத்தோம், வந்துவிட்டது. முதல் கல்யாணப் படத்தின் மூலையில் கடைப்பெயர் விழுந்ததும் அக்கா அடுத்த படத்தைத் திறந்துவிட்டார்.

அடுத்து ஒலித்திருத்த மென்பொருளான ஆடாசிட்டியும் 4-ஆம் பதிப்பில் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற கருவித்தொகுப்பை விட்டு க்யூட்டி என்ற இன்னொன்றுக்குப் போகிறது. ஒலிப்பதிவு செய்கிறவர்கள் சோதனைப் பதிப்பை இப்போதே ஓட்டிப் பார்த்து, பழுது தெரிந்தால் எழுதிப் போடுங்கள், எழுதத் தயங்குகிறவர்களுக்கு நான் உதவுகிறேன்.

சரி, ஜனவரிக் கூட்டத்துக்கு உங்களிடம் கிடக்கும் பழைய ஜிம்ப் நிரல்களைப் பென்டிரைவில் கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றாக மாற்றுவோம்.

– செயலாளர்