டிராம் வண்டியை நினைவில் வைத்திருக்கும் ஊர்

அன்புள்ள பாலா,

இங்கே லிவர்பூலில் எல்லோரும் நலம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் எதைப் படிப்பதென்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறான், அந்த வயதில் நீ இருந்த மாதிரியே. அக்காவின் முழங்கால் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம், கோபி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவன் இன்னும் அந்த ரயில், தயிர்சாதம், டி.டி.ஆர். கதையை விடவில்லை. சரி, அது போகட்டும். இந்தக் கடிதம் வேறொரு விஷயத்துக்காக. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் உன் பெயர் கொண்ட ஊருக்குப் போய் வந்தேன். நிஜமாகத்தான். வட வேல்ஸில் பாலா என்று ஒரு சின்ன ஊர், ஒரு பெரிய ஏரியின் ஓரத்தில். பெயர்ப்பலகையைப் படமெடுத்திருக்கிறேன், சட்டம் போட்டு வாசலில் மாட்டிக்கொள். ஆனால் நாங்கள் கிளம்பியது அந்த ஊருக்காக இல்லை. அதைத் தாண்டி வடமேற்கே போனால் ட்ரவெரின் என்ற சிற்றாற்றை மறித்து, லிவர்பூலின் தண்ணீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் வருகிறது. லின் கெலின் என்று பெயர். அதற்கடியில் கப்பெல் கெலின் என்று ஒரு கிராமம் கிடக்கிறது. தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகும்படி என்னிடம் கேட்டது பக்கத்து வீட்டுப் பெரியவர், நீ வந்திருந்தபோது தக்காளிச் செடிக்கு வைத்தியம் சொன்னாரே, அவர்தான். லிவர்பூலிலேயே பிறந்து வளர்ந்தவர், இங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது ஏன் என்று கேட்டேன். வண்டியில் சொல்கிறேன் என்றார்.

1956 நவம்பர். அவருக்கு எட்டு வயது. அம்மா, அக்காவோடு கடைத்தெருவுக்கு வந்திருக்கிறார். ஒரு ஊர்வலம் வருகிறது. ஆண்கள், பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கையில் அட்டைகள். ஏதோ சர்ச் ஊர்வலம் என்றுதான் முதலில் நினைத்தாராம். அப்புறம் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார், எங்கள் வீடுகளை மூழ்கடிக்காதீர்கள் என்று இருந்திருக்கிறது. யார் இவர்கள் என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "நமக்குத் தண்ணீர் தர மாட்டேன் என்கிறவர்கள்" என்று பதில் வந்திருக்கிறது. நடைபாதையில் நின்றவர்களில் யாரோ துப்பியதைப் பார்த்திருக்கிறார். அவருடைய அக்கா மட்டும் முன்னால் போய், அந்தப் பிள்ளைகளில் ஒரு சிறுமியிடம் வெல்ஷ் மொழியில் ஏதோ சொன்னாராம். அந்தப் பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாளாம். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

லிவர்பூல் அக்காவுக்கு வெல்ஷ் எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். 1939இல் யுத்தம் தொடங்கியதும், துறைமுக ஊர் என்பதால் குண்டு விழும் என்று பயந்து, பிள்ளைகளை ரயிலேற்றி வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏராளமான பேர் வட வேல்ஸ் கிராமங்களுக்குப் போனார்கள். பயந்தது போலவே 1941 மே முதல் வாரம் ராத்திரி ராத்திரியாகக் குண்டு விழுந்து ஊர் சின்னாபின்னமானது. அந்த அக்கா ஐந்து வயதில் போய் ஒரு வெல்ஷ் பண்ணைவீட்டில் வளர்ந்து, திரும்பி வந்தபோது இங்கிலீஷைவிட வெல்ஷ் சரளமாகப் பேசினாராம். தன் பிள்ளைகளை அந்த மலைக்காரர்கள் சோறு போட்டு வளர்த்துப் பதினைந்து வருடம்கூட ஆகாத நிலையில், அவர்கள் பிள்ளைகளை இந்த ஊர் இப்படி வரவேற்றிருக்கிறது. இதை அவர் சொன்னபோது எனக்கு ஸ்டியரிங் கனமாக இருந்தது.

அப்புறம் நான் தேடித் தேடிப் படித்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேள், இதெல்லாம் யாரிடமாவது கொட்டியாக வேண்டும். கப்பெல் கெலின் பெரிய ஊர் இல்லை. ஒரு தேவாலயம், இடுகாடு, பள்ளிக்கூடம், தபால் நிலையம், வீடுகளும் பண்ணைகளுமாகப் பன்னிரண்டு. ஊருக்கென்று ஒரு சின்ன ரயில் நிறுத்தம். கிட்டத்தட்ட எல்லோரும் வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஊர், பள்ளிக்கூடத்திலும் அதுதான். அங்கே குடியிருந்த 67 பேரில் 48 பேர் வீட்டை இழந்தார்கள். 48தானே என்று சொல்லாதே, பாலா. ஒரு ஊர் ஊராக இருப்பதற்கு எத்தனை பேர் வேண்டும்?

லிவர்பூல் மாநகராட்சி வேல்ஸில் உள்ள எந்த உள்ளூர் அமைப்பிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராக லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தனி மசோதா கொண்டு போனார்கள். 1957 ஆகஸ்டில் சட்டமாகிவிட்டது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை, இருந்தும் நிறைவேறியது. வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் குவின்வோர் எவன்ஸ் ஊர்வலத்துக்கு இரண்டு வாரம் முன்னால் லிவர்பூல் நகர்மன்றத்துக்கு வந்து பேச எழுந்தபோது, மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டுப் பேசவே விடவில்லை. 1963இல் மூன்று இளைஞர்கள் அணைக்கட்டு வேலைத்தளத்தில் மின்மாற்றியைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். எதுவும் நிற்கவில்லை. அதே வருடம் பள்ளிக்கூடம் மூடப்பட்டது, தேவாலயத்தில் கடைசிப் பிரார்த்தனை நடந்தது. இடுகாட்டிலிருந்து உறவினர்கள் கேட்ட சில உடல்களை மட்டும் வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், மேலே தண்ணீர்.

திறப்பு விழா 1965 அக்டோபர் 21. கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்து ஒலிபெருக்கிக் கம்பியை அறுத்ததால் மூன்றே நிமிடத்தில் விழா முடிந்ததாம். அதற்கு அடுத்த வருடம் எவன்ஸ் கார்மார்தன் இடைத்தேர்தலில் ஜெயித்து, அந்தக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகிறார். வேல்ஸின் அரசியலே இந்த ஏரியிலிருந்து கிளம்பியது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓரளவு மிகைதான் என்றாலும், அங்கே கரையில் நின்றபோது எனக்கு நம்பத் தோன்றியது. தெற்கே லான்ரிஸ்டட் பக்கம் பாழடைந்த வீட்டுச் சுவர் ஒன்றில் ட்ரவெரினை மறவாதீர் என்று வெல்ஷில் எழுதியிருக்கிறது, அறுபதுகளிலிருந்து. 2019இல் யாரோ அதில் ஒரு பகுதியை இடித்துப் போட்டார்கள். உடனே வேல்ஸ் முழுக்க அதே வாசகத்தைச் சுவர் சுவராக எழுதித் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். இந்த ஊரில் பழைய நினைவுகளைப் பேசுவதற்கு ஆட்கள் குறைவா என்ன? லிவர்பூல்காரர்களுக்குச் சிறுவயதுக் கதை என்றால் உயிர். துறைமுகத்தை ஒட்டி மேம்பாலத்தில் ஓடிய ரயிலைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். மழைக்குக் கூலித் தொழிலாளிகள் அதன் அடியில் ஒதுங்குவார்களாம், அதற்குக் குடை என்றே செல்லப்பெயர். அது நின்றது 1956 டிசம்பர் 30. கடைசி டிராம் ஓடியது 1957 செப்டம்பர் 14, தெருவெல்லாம் ஜனங்கள் நின்று வழியனுப்பினார்கள். இதையெல்லாம் தேதியோடு சொல்கிறார்கள். ஊர்வலம் வந்தது நவம்பர் 21. அந்த ரயில் நிற்பதற்கு ஆறு வாரம்கூட இல்லை! அதே தெரு, அதே குளிர்காலம், அதே பிள்ளைகள். ஆனால் எனக்குத் தெரிந்த வயதானவர்கள் யாரைக் கேட்டாலும், ஊர்வலமா, எந்த ஊர்வலம் என்கிறார்கள். நான் குடியேறிய காலத்திலிருந்து இந்த ஊர்க் கதைகளைக் காது குளிரக் கேட்டிருக்கிறேன், எனக்கு இந்த ஊர் மேல் பிரியம் உண்டு, உனக்குத் தெரியும். அதனால்தான் வலிக்கிறது. தான் இழந்த டிராமை நினைவில் வைத்திருக்கும் ஊர், தான் எடுத்துக்கொண்டதை எங்கே வைத்தது?

அதுவும் எந்த ஊர்! வெல்ஷ்காரர்கள் கட்டிய ஊர் இது. டாக்ஸ்டெத்தில் ஒரு பேட்டையையே வெல்ஷ் தெருக்கள் என்கிறார்கள், தெருப்பெயரெல்லாம் வெல்ஷ். ரிங்கோ ஸ்டார் பிறந்த மாட்ரின் தெருவும் அதில் ஒன்று. வேல்ஸின் பெரிய கலைவிழாவான எய்ஸ்டெத்வோடை 1900இலும் 1929இலும் இங்கேயே நடத்தியிருக்கிறார்கள். அந்நியருக்குச் செய்த கொடுமை இல்லை இது, வீட்டு ஆளுக்குச் செய்தது.

2005 அக்டோபரில் நகர்மன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருடம் கழித்தாவது கேட்டார்களே என்கிறார் பெரியவர். எனக்கு அவ்வளவு தாராளமில்லை. ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற ஒரு மாலை போதும். அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது தெரியுமா? ஏரியிலிருந்து நேராகக் குழாய் கிடையாது. ஆற்றில் திறந்து விடுகிறார்கள், அது பாலாவுக்குக் கீழே டீ நதியில் கலக்கிறது, செஸ்டர் பக்கத்தில் இறைத்து எடுக்கிறார்கள். அவ்வளவு சுற்றி வருவதால், எங்கிருந்து வருகிறதென்று இங்கே யாருக்கும் தோன்றுவதே இல்லை.

நாங்கள் போனபோது ஏரி நிறைந்திருந்தது. 2022 வறட்சியில் சுவர்களும் பழைய சாலையும் வெளியே தெரிந்தனவாம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரையில் நினைவுத் தேவாலயம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். பெரியவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டார். போனில் பழைய வரைபடத்தை வைத்து நான் தோராயமாகக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. திரும்பும்போது, இதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை, என்ன சொல்வது, உங்கள் பாட்டி இப்படிச் சொன்னாள் என்றா என்றார்.

இதற்குத்தான் நீ வேண்டும், பாலா. மேட்டூர் அணைக்குள் போன ஊர்களைப் பற்றி உன் அத்தைப் பாட்டியிடம் மணிக்கணக்கில் கேட்டுப் பதிவு செய்தவன் நீ. எல்லோரும் எப்போது, எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று நீ ஆரம்பித்ததும் அவர் மடை திறந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெரியவரை நான் பதிவு செய்யப்போகிறேன், ஒப்புக்கொண்டுவிட்டார். அது சுலபம். அவரைப் போல அன்றைக்கு நடைபாதையில் நின்ற இன்னும் சில பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். ஊரை இழந்தவர்கள் பேசுகிறார்கள், அவர்கள் நினைவுகளைக் கேட்க வேல்ஸில் ஆள் இருக்கிறது. வேடிக்கை பார்த்தவர்களை யார் கேட்பது? துப்பினவர்களின் பிள்ளைகளை? குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி இல்லாமல் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பாய்? வாயடைத்துப் போனவர்களைப் பேசவைத்த அனுபவம் உனக்கு நிறைய இருக்கும், ஏதாவது வழி சொல்.

பெரியவரின் அந்த அக்கா இப்போது மெர்சி ஆற்றுக்கு அக்கரையில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அந்தச் சிறுமியிடம் என்ன சொன்னார் என்று பெரியவர் இதுவரை கேட்டதே இல்லையாம். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். அதற்குள் பதில் எழுது, வழக்கம்போல் தீபாவளி வரை இழுக்காதே. அக்காவை விசாரித்ததாகச் சொல், முழங்காலைப் பற்றியும் மறக்காமல் எழுது.

உன்
மூர்த்தி