மியூசிக் பிளேயர் விமர்சனத்தில் விட்டுப்போன அளவீடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயர்விலை மியூசிக் பிளேயர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். 2022-ல் சுமார் 3,700 டாலர் விலையில் சோனி கொண்டுவந்த டபிள்யூஎம்1இசட்எம்2 பிளேயரின் ஒலி கனமாக இருப்பதற்கு, தங்க முலாம் பூசிய அதன் தாமிர உடலே காரணம் என்று கட்டுரையாளர் உறுதிபட எழுதியிருக்கிறார். ஆனால், ஒப்பிட்ட கருவிகளின் ஒலியளவைச் சமன் செய்தாரா, எந்தக் கருவி ஒலிக்கிறது என்று தெரியாத நிலையில் கேட்டாரா என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இது சில்லறை விஷயம் அன்று. ஒரு கருவி அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால், நம் காது அதைச் சத்தம் கூடியதாக உணர்வதில்லை. தெளிவு கூடியதாகவும் பேஸ் நிறைந்ததாகவுமே எடுத்துக்கொள்கிறது. ஹெட்போனைச் செருகிய நிலையிலேயே 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, இரண்டு பிளேயர்களின் ஏசி வோல்டேஜையும் ஒரு சாதாரண மல்டிமீட்டரில் பார்த்து 1 சதவீத வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தால், ஒலியளவு 0.1 டெசிபலுக்குள் சமமாகிவிடும். லட்சக்கணக்கில் செலவழிக்கச் சொல்லும் விமர்சகர் இந்தச் சிறு வேலையைச் செய்திருக்கலாம்.

பிளேயருக்குப் பிளேயர் ஒலி மாறவே மாறாது என்று நான் வாதிடவில்லை. மாறும் இடம் ஒன்று உண்டு. அதைத்தான் கட்டுரை தொடவில்லை. பல டிரைவர்கள் (ஒலியெழுப்பும் சிறு பாகங்கள்) கொண்ட இயர்போன்களில் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கப்படும் மின்தடை, ஒரே அளவாக இருப்பதில்லை. ஓர் அதிர்வெண்ணில் 8 ஓமாகவும் இன்னோர் அதிர்வெண்ணில் 40 ஓமாகவும் இருக்கும் இயர்போனை, 10 ஓம் வெளியீட்டு இம்பீடன்ஸ் (பிளேயரின் சொந்தத் தடை) உள்ள பிளேயரில் செருகினால், அவ்விரு இடங்களுக்கும் இடையே சுமார் 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு புதிதாக உண்டாகும். அதே இயர்போனை 1 ஓம் பிளேயரில் கேட்டால் அது 1 டெசிபலுக்கும் கீழே இறங்கிவிடும். இதற்கும் விலைக்கும் தொடர்பில்லை. போனில் ஹெட்போனைச் செருகுவதற்காக ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற டாங்கிள் என்னும் சிறு இணைப்பானின் வெளியீட்டு இம்பீடன்ஸே ஏறக்குறைய 1 ஓம்தான்.

குறுந்தகட்டைவிட நுணுக்கமாகப் பதிவான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளின் ஒலியைப் புகழ்ந்த பகுதியும் மிகையாகவே இருந்தது. குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரம் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும்; நல்ல காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கியதையும் 554 முறை ஒப்பிட்டபோது சரியான விடை வந்தது 276 முறை; நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ஜோஷுவா ரைஸ் வெளியிட்ட ஆய்வு வித்தியாசம் உண்டு என்று சொன்னது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதிலும் சரியான விடை சுமார் 52 சதவீதம்தான். மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச்சீரமைப்பில், மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகும்படி நசுக்கப்பட்ட பாடலை எந்தக் கோப்பில் வாங்கினாலும் அது நசுங்கிய பாடலே.

தனிப் பிளேயர் வைத்திருப்பவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனை, மெல்லிய இடமும் உரத்த இடமும் கலந்த கச்சேரிப் பதிவுக்கு முழுமையாக இயக்க டாங்கிளின் 1 வோல்ட் போதாது. அங்கே நல்ல பிளேயருக்கு வேலை இருக்கிறது. மெமரி கார்டு, சட்டைப்பைக்குள்ளேயே அழுத்தக்கூடிய பொத்தான்கள், நடுவில் போன் அழைப்பு வராத நிம்மதி ஆகியவற்றுக்கும் காசு கொடுக்கலாம். அதற்கு மூன்று லட்சம் தேவையில்லை என்பதே என் கருத்து. மேலும், அந்த சோனி பிளேயர் ஆண்ட்ராய்டு 11-ல் வந்தது. ஸ்ட்ரீமிங் செயலிகள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடும்போதும் பேட்டரி தளரும்போதும் தங்க முலாம் கைகொடுக்காது. அந்தப் பணத்தின் பெரும்பகுதியை நல்ல ஹெட்போனில் போட்டால், வித்தியாசம் தெரிய விமர்சகரின் துணைகூட வேண்டியிருக்காது.

அடுத்த விமர்சனத்திலிருந்தாவது, ஒவ்வொரு கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸ், 32 ஓமிலும் 300 ஓமிலும் அது தரும் வோல்டேஜ், பேட்டரியை மாற்ற ஆகும் செலவு ஆகியவற்றை ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுமாறும், ஒலியளவைச் சமன் செய்த விதத்தைக் கட்டுரையாளர் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.